துவைக்காத சேலையில் ஒரு வேலி

எங்கள் காய்கறித் துண்டு நிலத்தைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். என் கணவர் பக்கத்தில் இருந்தால், "ஆரம்பிச்சிட்டா" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். போகட்டும். இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் வெகுதூரம் மலை ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், கடையில் ஒரு பூச்சிமருந்துப் போத்தல்கூட வாங்காமல் உருளைக்கிழங்கும் போஞ்சியும் விளைவித்துக் காட்டியவர்கள் நாங்கள். பெருமைப்படாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நாங்கள் என்றால் முதலில் இரண்டே பேர். நானும் என் நாத்தனாரும். அவர் என் கணவருக்கு அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. கணவர் இறந்த பிறகும் தனியாகவே இருக்கிறார். இரண்டு பேருமே கொழுந்து எடுக்கிறவர்கள். காலையில் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலை எந்த மலையில் என்று கேட்டுக்கொண்டு, சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவோம்.

லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே தேயிலை இருந்ததாம். செடிகள் பட்டுப்போய், மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து, பாம்பும் பன்றியும் குடியிருக்கிற காடாகிவிட்டது. அந்த இடத்தைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கிப் பயிர் வைக்கலாம் என்பது மதினியின் யோசனை. யோசனை அவருடையது, கேட்கிற வேலை என்னுடையது. துரைக்கு முன்னால் நின்றால் மதினிக்கு வாயே வராது. "நீதான் வாயாடி, நீ போய்க் கேளு புள்ள" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு, அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

துரை இளவயதுக்காரர், சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். "செய்யுங்க. ஆனா மே மாசம் வந்து பாப்பேன். கிழங்கு இருந்தா அடுத்த வருஷமும் நீங்களே வச்சிக்கலாம். காடாக் கெடந்தா நான் மரம் நட்டுடுவேன்" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு மதினி எத்தனை நாள் தூங்காமல் இருந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். எங்கள் ஆட்கள் இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகச் செடி வளர்க்கிறார்கள். வளர்த்த செடியில் ஒன்றாவது எங்களுடையது என்று சொல்ல முடியாது. மதினி இதைப் பெரிய பேச்சாகப் பேசுகிறவர் இல்லை. "நானே நட்டு நானே தோண்டணும் புள்ள. அது ஒண்ணுதான் எனக்கு" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்கவும் ஒன்றும் இல்லை.

தைப்பொங்கல் முடிந்ததும் புல் வெட்ட இறங்கினோம். செடியைக் காப்பாற்றுவதற்கு முன்னால் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டோம். மானாப்புல்லின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். கையெல்லாம் கீறல். ஈரப் புல்லில் அட்டை வேறு. கொழுந்து மலையிலும் அட்டை உண்டு, அது எங்களுக்குப் பழகிய விஷயம்தான். ஆனால் பல வருஷமாக மனிதர் கால் படாத அந்தச் சரிவில் இருந்த அட்டைகளுக்கு அப்படி ஒரு பசி.

கைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பள்ளிக்கூடக் காலுறைகள் வீட்டில் மூட்டையாகக் கிடந்தன. அவற்றின் நுனியை வெட்டிவிட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டால் புல் ஒன்றும் செய்யாது. இது முழுக்க முழுக்க என் மூளை. மதினி அதிலும் குறை கண்டார். வெட்டிய நுனியில் நூல் தொங்குகிறது என்று சொல்லி, எல்லாவற்றையும் வாங்கிப் போய் மடித்துத் தைத்துக்கொண்டு வந்தார். அட்டைக்கு, துணி துவைக்கிற சவர்க்காரக் கட்டியை நனைத்துக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை நன்றாகத் தேய்த்து, கழுவாமல் காயவிட வேண்டும். அட்டை ஏறிப் பார்க்கும், பிடிக்காமல் விழுந்துவிடும். மழை பலமாக இருந்தால் வெற்றிலைக்கு வைத்திருக்கிற புகையிலையை ஊறவைத்து அந்தத் தண்ணீரில் காலில் போடுகிற காலுறைகளை நனைத்துக்கொள்வோம். மண்டியிட்டுக் களை பிடுங்க, வெட்டிப் போட்ட மானாப்புல்லையே உரச் சாக்கில் திணித்து மெத்தை தைத்தோம். எங்களை வெட்டிய புல்லின் மேலேயே மண்டி போட்டு உட்கார்ந்ததில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

மதினியோடு எனக்கு வந்த முதல் சண்டை பவுடரால் வந்தது. எங்கள் பக்கத்தில் குளவிதான் பெரிய பயம். கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் குறைவு. வேலைக்கு இறங்கும் முன் சுற்றியுள்ள மரங்களை அண்ணாந்து பார்த்துக் கூடு இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் கத்தியை எடுப்போம். வாசனைப் பவுடர் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வரக்கூடாது என்று நான் சொன்னேன். மதினி பவுடர் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். லயத்துத் தண்ணீர்க் குழாயில் முதல் ஆளாகக் குளிப்பவர் அவர்தான். சட்டியை இரண்டு தடவை கழுவுவார். வேலைக்குக் கட்டுகிற பழைய சேலையைக்கூட மடிப்புக் கலையாமல் கட்டுவார். கடைசியில், குளவி வந்தால் முதலில் என்னை விட்டுவிட்டு ஓடுவீர்களா என்று நான் கேட்டதும், முணுமுணுத்துக்கொண்டே பவுடரை விட்டார். ஆனால் சாயங்காலம் குளித்து முடித்ததும் இரண்டு பங்காகப் போட்டுக்கொள்வார்.

விதைக் கிழங்கு வெலிமடையிலிருந்து வந்தது. போஞ்சி விதை எங்களிடமே இருந்தது. முளைத்த பிறகுதான் எத்தனை வாய்கள் நமக்கு முன்னால் காத்திருக்கின்றன என்பது தெரியும். நத்தைக்குத் தேங்காய்ச் சிரட்டையைப் பாத்தி ஓரமாகக் கவிழ்த்து வைத்தோம். இரவெல்லாம் தின்றுவிட்டு வெயிலுக்குப் பயந்து அதற்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காலையில் சிரட்டையைத் தூக்கி அள்ளிப் போடுவதுதான் வேலை. போஞ்சி இலையில் பூச்சி கண்டால், பனி ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டிவிடுவோம். அதற்கும் அடங்காததற்குக் காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த தண்ணீர். அதைத் தெளிக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நிற்க வேண்டும். பார்க்காமல் நின்று ஒரு நாள் முழுக்க நான் கண்ணீர் விட்டதை லயமே பார்த்தது.

கறிமிளகாய் நாற்றுக்கு மொனராகலைப் பக்கமிருந்து வரும் தயிர்ச் சட்டிகள் கை கொடுத்தன. தயிர் தின்று முடிந்து உடைந்த சட்டிகளை எல்லா வீட்டிலும் வாசலுக்கு வெளியே எறிவார்கள். அடி உடைந்த சட்டியை நாற்றைச் சுற்றிக் கவிழ்த்தால், உடைந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வரும், அடை மழை நாற்றைச் சாய்க்காது. குருவிகளுக்கு என் மகனின் பழைய சிடித் தட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டோம். வெயிலில் அவை மின்னும்போது எங்கள் சரிவு கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெரட்டுக்குப் போகிற பாதை பக்கத்திலேயே இருப்பதால் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் அவர்கள் கண்ணில் படும்படி நின்றுகொண்டிருப்பேன்.

சித்திரை பிறந்து கிழங்குச் செடி நன்றாகப் படர்ந்து நின்ற நேரத்தில் பன்றி வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் மேல் பாத்தி முழுவதும் ஏர் ஓட்டின மாதிரி கிடந்தது. அரைகுறையாக விளைந்த கிழங்கைக் கடித்துத் துப்பியிருந்தன. மதினி கடிபட்ட கிழங்குகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். துரை வருவதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. பன்றி இப்படியே வந்தால் அவர் பார்க்க வரும்போது காட்டுவதற்குக் குழிதான் இருக்கும்.

மேட்டு லயத்துக்காரர் ஒருவர் உடனே ஆலோசனை சொல்ல வந்தார். லயத்திலிருந்து ஒரு மின்சாரக் கம்பியை இழுத்துச் சுற்றிலும் விட்டால் பன்றி அங்கேயே விழும், இறைச்சியும் ஆகும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. விறகுக்குப் போகிற ஆட்கள், மாட்டைத் தேடி வருகிற ஆட்கள், எங்கள் பிள்ளைகள் எல்லாரும் நடக்கிற இடம் அது. "பன்னிக்கு வச்சதுல ஆளு விழுந்தா நீங்களா வந்து எந்திரிக்க வைப்பீங்க" என்று கேட்டேன். அவர் போய்விட்டார். துரை மரம் நட்டாலும் நடட்டும், கம்பி மட்டும் வேண்டாம் என்பதில் மதினியும் நானும் ஒரே முடிவாக இருந்தோம்.

என் கணவர் பதுளை டவுனில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். அவர் முடி வெட்டுகிற சலூனிலிருந்து ஒரு பை நிறைய முடி அள்ளிக்கொண்டு வந்தார். முடியைத் தூவினால் மண்ணைக் கிளறும் பன்றியின் மூக்கில் ஏறும், அது ஓடிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். பதுளை ஆம்பிளைகளின் தலைமுடியெல்லாம் எங்கள் பாத்தியைச் சுற்றிக் கிடந்தது. இரண்டு நாள் பன்றி வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு மழை பெய்து எல்லாவற்றையும் ஓடைக்குக் கொண்டுபோனது. மழைக்கு மறுநாள் நடுப் பாத்தியும் போனது.

அப்போதுதான் எனக்குச் சேலை ஞாபகம் வந்தது. ஒரு கல்யாணத்துக்காக மொனராகலைக்குப் பஸ்ஸில் போகும்போது, வழியில் வயல்களைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய சேலைகளைக் கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பன்றிக்காகத்தான் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். நான் அதை லயத்தில் சொன்னேன். எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணும் இல்லை என்று சொல்லவில்லை. ஆளுக்கொன்று, இரண்டு என்று நைந்த சேலைகள் எங்கள் வாசலில் வந்து குவிந்தன. கம்பு வெட்டி நடுவது என் பொறுப்பு, சேலையைப் பார்த்துக்கொள்வது மதினியின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மதினி அத்தனை சேலைகளையும் ஓடைக்குக் கொண்டுபோனார். சவர்க்காரம் போட்டுக் கும்மினார். வெள்ளை கலந்தவற்றை நீலத்தில் முக்கினார். கஞ்சி போட்டு உதறிக் காயப் போட்டு, கிழிசல்களைத் தைத்து, பிறகுதான் வேலியில் கட்ட விட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. வேலி பாதையோரத்தில் இருக்கிறது. பெரட்டுக்குப் போகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுத் துணி அழுக்காகத் தொங்கினால் யாருக்கு அவமானம்? சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அந்த வேலி நிமிர்ந்து நின்றபோது, கோயில் திருவிழாவுக்குக் கூட நாங்கள் இவ்வளவு அழகாக அலங்கரித்ததில்லை என்று தோன்றியது. பெண்கள் தங்கள் சேலையைத் தேடிக் கண்டுபிடித்து, அது எந்தப் பொங்கலுக்கு எடுத்தது என்று சொல்லிச் சிரித்தார்கள்.

பன்றிக்கும் பிடித்துப்போயிருக்க வேண்டும். கஞ்சி போட்ட சேலைகளைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கீழ்ப் பாத்தியில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. மறுநாள் பெரட்டில் எங்களைப் பார்த்து, "பன்னி சேல எடுக்க வந்துச்சாமே, எந்தக் கலரு எடுத்துச்சு" என்று கேட்டார்கள். நான் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மதினி தலையைக் குனிந்தபடி கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் நான் தனியாகப் போய் வேலியைச் சுற்றி வந்தேன். கோபம் அடங்காததால்தான் போனேன், கண்டுபிடிக்கப் போகவில்லை. ஓடைப் பக்கத்து மூலையில் ஒரு பன்றியின் கால் தடம் நேராக வேலி வரைக்கும் வந்து, அங்கேயே மண்ணைக் குழப்பிவிட்டுத் திரும்பியிருந்தது. அந்த மூலையில் சேலை போதாமல், கொழுந்து எடுக்கும்போது நான் இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்துக் கட்டியிருந்தேன். செடிக் குச்சி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க நாங்கள் எல்லோரும் கட்டுகிற தடித்த சாக்குத் துணிதான் அது. பல நாள் தண்ணீர் படாத துணி. கொழுந்துச் சாறும் என் வேர்வையும் ஊறிப்போய்க் கிடந்தது. பக்கத்துக் கம்பில் மணக்க மணக்கத் துவைத்த சேலை. பன்றி அந்தச் சேலைப் பக்கமாகத்தான் நுழைந்திருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பன்றிக்கு நிறமும் தெரியாது, மடிப்பும் தெரியாது. அது பயப்படுவது ஆள் வாடைக்கு. நாங்கள் அந்த வாடையை நீலமும் கஞ்சியும் போட்டுக் கழுவிவிட்டுக் காலிச் சேலையைக் காவலுக்கு நிற்க வைத்திருக்கிறோம். வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். மொனராகலைக்காரர்கள் பழைய துணியை அப்படியே கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். எங்கள் லயத்துப் பெண்களுக்குத்தான், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று, பன்றிக்குப் போடுகிற வேலியைக்கூடத் துவைத்துப் போடத் தோன்றும்.

ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன். துவைத்த சேலைகளைக் கழற்றிவிட்டு, வேலை முடிந்து வந்த உடனே கட்டியிருக்கிற துணியை அப்படியே வேலியில் போட வேண்டும் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

"வேர்வ நாத்தம் புடிச்ச துணியப் பாதையில தொங்கவிடச் சொல்றியா புள்ள" என்றார். "அதுக்கு அந்தத் துண்டு காடாவே போகட்டும்."

"என்னங்க மதினி இப்படிப் பேசுறீங்க? ராவும் பகலும் அது ஒண்ணத்தானே நெனச்சிக்கிட்டிருந்தீங்க."

அவர் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்தார். எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்திருக்கிறார். நல்ல சாப்பாடு, திட்டு கிடையாது. "நான் ஒரு ரூம கூட்டிட்டு வெளிய வந்தா, அந்தம்மா உள்ள போயி வாசன ஸ்ப்ரே அடிப்பாங்க. அடுத்த ரூம கூட்டுவேன், அங்கயும் வந்து அடிப்பாங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல புள்ள. நான் ரெண்டு வாட்டி குளிப்பேன், மூணு வாட்டி குளிப்பேன். அப்பவும் அடிப்பாங்க."

எனக்கு அந்த வீட்டுக்காரியின் மேல் கோபம் பொங்கியது. இத்தனை வருஷம் பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு, அந்தக் குளியலையும் பவுடரையும் நான் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன். தேற்றுவது எனக்கு வராது. எனக்கு வருவது வாயாடுவதுதான்.

"சரி மதினி" என்றேன். "நம்ம வாசன அந்தம்மாவுக்கும் ஆகல, பன்னிக்கும் ஆகல. அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குதான்."

மதினி என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். அந்தத் தண்ணீரில் வேறு தண்ணீரும் கலந்திருந்தது என்பது எனக்குத் தெரியும், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது மதினி எனக்கு முன்னால் நடந்தார். லயத்துக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் நேராக வேலிக்குப் போனார். வேலைக்குப் போகும்போது நாங்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். மதினி போட்டிருந்தது இறந்துபோன அவர் கணவரின் சட்டை. காலையிலிருந்து வெயிலில் எடுத்த கொழுந்தின் கறையும் வேர்வையும் முதுகில் படிந்திருந்தன. அதைக் கழற்றி, மூலையிலோ பின்பக்கத்திலோ போடாமல், பெரட்டுப் பாதையை ஒட்டிய முதல் கம்பில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டினார். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று கை இரண்டும் சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்தார். அழுக்குத் துணியையும் ஒழுங்காகத்தான் போட வேண்டும் அவருக்கு.

இரண்டு பேருடைய துணி ஒரு வேலிக்குப் போதாது. மழை வந்தால் வாடை போய்விடும் என்பதை முடி விஷயத்திலேயே பார்த்துவிட்டோம், அதனால் தினமும் புதிதாக வேண்டும். அன்றைக்கே லயத்து வாசலில் நின்று நான் சத்தம் போட்டு விஷயத்தைச் சொன்னேன். வேலை முடிந்து வருகிற ஒவ்வொருத்தியும் அன்றைக்குப் போட்ட சேலையோ சட்டையோ படங்கோ, ஒன்றை வேலியில் போட வேண்டும். நேற்றுப் போட்டதை எடுத்துக்கொண்டுபோய்த் துவைத்துக்கொள்ளலாம். சிலர் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். மதினியின் சட்டை முதல் கம்பில் தொங்குவதைப் பார்த்த பிறகு யாரும் பேசவில்லை. லயத்திலேயே சுத்தக்காரி என்று பெயர் எடுத்தவரே போட்டுவிட்டார், மற்றவர்களுக்கு என்ன வெட்கம்?

பிறகு அது எங்கள் வழக்கமாகவே ஆகிவிட்டது. சாயங்காலம் கூடையை இறக்கியதும் வேலிக்கு ஒரு நடை, பிறகுதான் குளியல், பிறகுதான் தேத்தண்ணி. வேலியோரம் நின்று அன்றைய கதையைப் பேசுவோம். "இன்னைக்கி எம்புட்டு வேர்வ தெரியுமா, எஞ்சட்ட ஒண்ணே போதும் ஒரு கூட்டத்த வெரட்ட" என்று ஒருத்தி சொல்வாள். அவளைவிடத் தன்னுடையதுதான் பலம் என்று இன்னொருத்தி சண்டைக்கு வருவாள். எங்கள் வேர்வையை வைத்து நாங்கள் போட்டி போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒரு நாள் ஒரு மாடு வந்து என் படங்கில் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. பன்றிக்கு ஆகாதது மாட்டுக்கு ஆகிறது என்று அதையும் சொல்லிச் சிரித்தோம்.

பன்றிகள் வந்தன. கால் தடங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்று, திரும்பிப் போயின. காலையில் அந்தத் தடங்களைப் பார்ப்பதற்கென்றே லயத்து ஆட்கள் வருவார்கள். உள்ளே ஒரு தடம் கூட இல்லை. இழந்த பாத்திகளில் மீதமிருந்த செடிகளுக்கு மண் அணைத்தோம். கீழ்ப் பாத்தியில் பாதியும் ஓடைப் பக்கமும் தப்பியிருந்தன. போஞ்சி கொடி கொடியாகக் காய்த்தது. மின்சாரக் கம்பி இழுக்கச் சொன்ன மேட்டு லயத்துக்காரர், தன் வீட்டுப் பின்பக்க மரவள்ளிக்கு அவர் மனைவியின் துணியைக் கட்டியிருப்பதைப் பார்த்தேன். பார்த்தது அவருக்குத் தெரியும்படி பார்த்தேன்.

துரை மே மாதம் சொன்னபடி வந்தார், பெரிய கணக்கப்பிள்ளையையும் கூட அழைத்துக்கொண்டு. பாதையில் நின்றபடியே வேலியைப் பார்த்து, "என்ன, இங்கயா துணி காயப் போடுறீங்க" என்று கேட்டார். பிறகு உள்ளே வருவதற்காக வேலிக்குப் பக்கத்தில் வந்தவர் சட்டென்று நின்று, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். முந்தின நாள் நல்ல வெயில், வேலி முழுக்கத் துணி.

"என்ன வாசன இது?"

எனக்குப் பயம் வந்தது. துரை என்ன நினைப்பாரோ என்று இல்லை, மதினி இருக்கிறாரே என்று. நான் முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் நின்றிருந்தவர் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்க வேர்வ வாசனங்க தொர" என்றார். "பன்னிக்கு ஆகாது. உள்ள வந்து கெழங்கப் பாருங்க."

துரை மதினியைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மதினி மண்டியிட்டு, இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறி, ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கினார். பெரிதும் சிறிதுமாகக் கிழங்குகள் மண்ணோடு தொங்கின. அவரே நட்டு அவரே தோண்டிய கிழங்கு. அவர் அதைத் துரையிடம் நீட்டவில்லை. தன் கையிலேயே வைத்துக்கொண்டு காட்டினார். அந்த நேரத்தில் என் நாத்தனாரைப் பார்த்து நான் பட்ட பெருமையை, என் பிள்ளைகள் பரீட்சையில் பாஸானபோதுகூடப் பட்டதில்லை.

துரை பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தார். சிரட்டையைத் தூக்கிப் பார்த்தார், தயிர்ச் சட்டியைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். பன்றி தோண்டிய மேல் பாத்தியையும் நாங்கள் மறைக்கவில்லை. சுற்றி முடித்து வந்து, "சரி, சொன்னபடி அடுத்த வருஷமும் நீங்களே வச்சிக்கங்க" என்றார். எனக்கு அது போதும். நன்றி சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். மதினி கும்பிடவில்லை. மண் ஒட்டிய கையை நீட்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் புல் மண்டிக் கிடந்த சரிவைக் காட்டினார்.

"அதுவும் வேணுங்க" என்றார்.

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. துரை அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு, "அது இத மாதிரி மூணு மடங்கு வருமே. வேலி கட்ட அவ்வளவு துணிக்கு எங்க போவீங்க" என்று கேட்டார்.

"கீழ லயத்துலயும் பொம்பளைங்க இருக்காங்க, மேட்டு லயத்துலயும் இருக்காங்க" என்றார் மதினி. "எல்லாரும் தெனமும் ஒங்க மலையிலதான் வேல செய்யிறோம். எங்ககிட்ட வேர்வைக்குப் பஞ்சம் இல்லீங்க தொர."

துரை சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பி, நாளைக்கே அளந்து கொடுத்துவிடச் சொன்னார்.